மீனுக்கும் நமக்கும் ஒரே குழாய்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வகுப்பறையில் உயிரினங்கள்' என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு பெரியது. நான் அதை ஒரு வாளித் தண்ணீர் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது குழாய்த் தண்ணீரை எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதை மட்டும் பேசப் போகிறேன். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டியதுதானே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு முன்னாள் மாணவர் ஒருவர் மீன்தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அதில் 8 கப்பி மீன்கள், 3 கறுப்பு மோலி மீன்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். உணவு போடுவதற்கும் தொட்டியைத் துடைப்பதற்கும் முறை வைத்து, கரும்பலகையின் ஓரத்தில் பெயர் எழுதிவிடுவோம். காலையில் வந்ததும் பையை வைப்பதற்கு முன்பே தொட்டியைப் பார்க்க ஓடுவார்கள்.

அது ஐப்பசி மாதம், நல்ல மழைக்காலம். தொட்டித் தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பாசி படிந்திருந்தது. வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில், அன்றைய முறைக்காரியான மாணவியைக் கூப்பிட்டு, "எல்லாத் தண்ணியையும் எடுத்துட்டு, கல்லை நல்லாக் கழுவி, புதுசா ஊத்திடும்மா" என்று சொன்னேன். அவள் இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். சரளைக்கல்லைக் குழாயடியில் பளபளவென்று கழுவினாள். வடிகட்டியின் பஞ்சையும் கழுவினாள். குழாயிலிருந்து நேராகப் பிடித்து, தொட்டியை நிரப்பி, மீன்களை விட்டாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே என்னை அழைக்க ஆள் வந்தது. 9 மீன்கள் மிதந்தன. 2 மோலிகள் மட்டும் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, மதிய உணவு மணி அடிப்பதற்குள் அந்த இரண்டும் போய்விட்டன. அவற்றைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள், மாடியில் வேதியியல் ஆய்வக அலமாரியில், பெயர் ஒட்டிய புட்டியில் இருந்தது. அது எதற்கெல்லாம் பயன்படும் என்று கல்லூரியில் படித்தவள்தான் நானும்.

அந்த மாணவி அன்று முழுவதும் பேசவில்லை. பள்ளி விடும் நேரத்தில் வந்து, "டீச்சர், நான் தண்ணி மாத்தினதாலதான் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். அதற்குள் வகுப்பில் நாலு பேர் அவளிடம் அப்படிச் சொல்லியும் விட்டார்கள்.

ஆபரேட்டர் அண்ணன் சொன்ன விடை

சனிக்கிழமை, எங்கள் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குகிற ஆபரேட்டரை வழியில் பார்த்தேன். "அண்ணே, வியாழக்கிழமை தண்ணியில ஏதாவது கலந்தீங்களா?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர். தொட்டி கழுவி, பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கூடுதலாவே போட்டேன். மழைக்காலமாச்சே. உங்க புள்ளைங்களுக்கு வயித்தால போயிடக் கூடாதுல்ல?" என்றார்.

என் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக அவர் போட்டதுதான் என் மீன்களைக் கொன்றது. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அந்த மாணவி மீதும் இல்லை. குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் யோசிக்காத என் மீதுதான். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொன்னேன். "தப்பு என்னோடது. நான் சொன்னதைத்தான் அவ செஞ்சா" என்றேன். ஆசிரியர் இப்படிச் சொல்வது பிள்ளைகளுக்குப் புதிது. வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அவசரத்தில் இன்னொரு வாக்கியமும் சொன்னேன்: "தண்ணியில குளோரின் இருந்தது. குளோரின் மீனுக்கு விஷம்." இது என் இரண்டாவது தவறு. முதல் தவறு மீன்களைப் பாதித்தது. இது பிள்ளைகளைப் பாதித்தது. இதைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்கிறேன். முதலில் அறிவியலைப் பார்த்துவிடுவோம்.

நமக்கு மருந்து, செவுளுக்கு நெருப்பு

நம் உள்ளாட்சிகளில் மேல்நிலைத் தொட்டிகளுக்குப் பொதுவாக 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். நல்ல பவுடரில் ஏறத்தாழ 30 விழுக்காடு செயல்படும் குளோரின் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரில் 1.2 மில்லிகிராம் குளோரின் சேர்கிறது. இதில் ஒரு பங்கு நீரிலுள்ள கிருமிகளையும் அழுக்கையும் தாக்குவதில் செலவாகிவிடும். மிச்சம் குழாய் முனை வரை வர வேண்டும். அந்த மிச்சம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. வழியில் எங்காவது குழாய் கசிந்து அழுக்கு கலந்தாலும், இந்த மிச்சக் குளோரின் காவல் காக்கும்.

உலக சுகாதார அமைப்பு, குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை மனிதர்களுக்குப் பாதுகாப்பானது என்று வரையறுத்திருக்கிறது. நாம் குடிக்கும் குளோரின், உமிழ்நீரிலும் வயிற்றில் உள்ள உணவிலும் பட்டவுடனே வினைபுரிந்து சாதாரணக் குளோரைடாக மாறிவிடுகிறது. உப்பில் நாம் நாள்தோறும் சாப்பிடும் அதே குளோரைடுதான்.

மீனின் நிலை வேறு. அது தண்ணீரைச் சுவாசிக்கிறது. ஒவ்வொரு நொடியும் தண்ணீர் செவுள் இழைகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய ஒரு தோல் மட்டுமே. குளோரின் அந்தத் தோலை அரித்துவிடுகிறது. புண்பட்ட செவுளில் சளி சுரக்கிறது, இழைகள் வீங்குகின்றன, ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லாமல் ஆகிறது. அன்று அந்த மோலிகள் மேலே வந்து வாயைத் திறந்தது அதனால்தான். நன்னீர் உயிரினங்கள் நீண்ட நாள் வாழும் நீரில் குளோரின் லிட்டருக்கு 0.011 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோல். நம் குழாயில் இருந்தே ஆக வேண்டிய குறைந்த அளவான 0.2 மில்லிகிராம், அதைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு. அதாவது, மனிதர் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் எதுவாக இருந்தாலும், அப்படியே ஊற்றினால் மீனுக்கு ஆகாது.

இன்னொரு சேதமும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியிருக்கின்றன. அவை பெரும்பாலும் சரளைக்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். கிருமியைக் கொல்லும் குளோரினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற வேறுபாடு தெரியாது. பஞ்சைக் குழாயடியில் கழுவினால் அத்தனை வார உழைப்பும் போய்விடும். பிறகு அம்மோனியா ஏறும். குளோரினுக்குத் தப்பிய மீன் அடுத்த வாரம் அம்மோனியாவில் சாகும். நாங்கள் அன்று இரண்டு வேலையையும் ஒரே மாலையில் செய்து முடித்தோம்.

ஒரு தண்ணீர்ப் புட்டி

இப்போது என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். மீன்கள் இறந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு மாணவன் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன். தண்ணீர் லேசாகப் பழுப்பாக இருந்தது. "ஏதுப்பா இது?" என்றேன். "எங்க தோட்டத்துக் கிணத்துத் தண்ணி டீச்சர். குழாய்த் தண்ணிலதான மீனெல்லாம் செத்துப்போச்சு? நீங்கதான விஷம்னு சொன்னீங்க" என்றான். விசாரித்தால், வகுப்பில் இன்னும் ஐந்தாறு பேர் பள்ளிக் குழாயைத் தொடுவதில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலத்தில் திறந்த கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளோரின் கலக்கும் வழக்கம் வருவதற்கு முன் காலராவும் டைபாய்டும் ஊர் ஊராகக் கொண்டுபோயின. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. பிற நகரங்களும் அந்த வழியைப் பின்பற்றின. எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய ஒரு பொருளை, நான் ஒரே சொல்லில் விஷம் என்று ஆக்கிவிட்டேன். மீன்தொட்டிப் பாடத்தை அரைகுறையாக நடத்தினால் வரும் ஆபத்து இதுதான். குளோரினை நீக்கக் கற்றுத்தரும் நாம், எந்தத் தண்ணீரிலிருந்து நீக்கலாம், எதிலிருந்து நீக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். மீன் வாளியில் நீக்குகிறோம். குடிக்கும் புட்டியில் நீக்குவதில்லை.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று நினைத்தேன். கண்ணால் காட்டினேன்.

மூன்று குவளைச் சோதனை

தேவையானவை எளியவை. பொட்டாசியம் அயோடைடு, சோடியம் தயோசல்பேட் இரண்டும் மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும். நடுநிலை, தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் அருகில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். மற்றவை சோறு வடித்த கஞ்சியும் வினிகரும். கஞ்சியில் நிறையத் தண்ணீர் விட்டு, தெளிந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கண்ணாடிக் குவளைகளை வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். முதல் குவளையில் அப்போது பிடித்த குழாய்த் தண்ணீர். இரண்டாவதில், முந்தின நாள் அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர். மூன்றாவதில், அப்போது பிடித்த தண்ணீரில் ஒரு சொட்டு தயோசல்பேட் கரைசல். மூன்றிலும் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு, சில சொட்டு வினிகர், ஒரு கரண்டி கஞ்சித் தெளிவு சேர்த்துக் கலக்குங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நேரம் போனால் காற்றுப் பட்டே நிறம் வரத் தொடங்கும்.

முதல் குவளை நீலமாகும். குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை வெளியேற்றுகிறது. அயோடின் கஞ்சியிலுள்ள ஸ்டார்ச்சோடு சேர்ந்து நீலம் தருகிறது. மற்ற இரண்டும் நிறம் மாறாமல் நிற்கும். பிறகு அந்த நீலக் குவளையில் ஒரு சொட்டு தயோசல்பேட் விட்டுக் கலக்குங்கள். நீலம் கண் எதிரே மறையும். எங்கள் வகுப்பில் அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்து, அந்த மாணவனின் கிணற்றுத் தண்ணீரை நான்காவது குவளையாக வைத்தேன். நீலம் வரவில்லை. "இதில் காவல்காரன் இல்லை" என்றேன். "குழாய்த் தண்ணியில இருக்கிற நீலம், கிருமியைத் தடுக்கிற காவல்காரன். அவன் நமக்கு வேணும். மீனுக்கு மட்டும் அவனை வெளியே நிறுத்தணும்." மறுநாள் அவன் புட்டியில் குழாய்த் தண்ணீர் இருந்தது. சோதனை செய்த தண்ணீரை யாரும் குடிக்காமலும், மீன்தொட்டியில் ஊற்றாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகள்

சோதனையே நமக்கு இரண்டு வழிகளைக் காட்டிவிடுகிறது.

முதல் வழி, காத்திருப்பது. வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுவதும் வைப்பது. காற்று படப் பட, வெயில் படப் பட குளோரின் வெளியேறும். இடையில் நாலைந்து முறை கலக்கிவிட்டால் விரைவாகப் போகும். மூடிய டிரம்மிலோ குறுகிய குடத்திலோ வைத்தால் இது நடக்காது. கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். ஓரிரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மீனுக்காக வைத்த தண்ணீரில் டெங்குக் கொசு வளர்த்தோம் என்ற பெயர் நமக்கு வேண்டாம். தொடக்கப் பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். இதில் எந்த வேதிப்பொருளும் இல்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீரில் ஏற்கெனவே அம்மோனியா கலந்திருந்தால், குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் என்ற சேர்மமாகிவிடும். அது ஒரு நாள் வைத்தாலும் எளிதில் போகாது. ஒரு நாள் வைத்த தண்ணீரும் சோதனையில் நீலம் காட்டினால், உங்கள் ஊரில் அந்த நிலை இருக்கலாம் என்று பொருள். அப்போது இரண்டாவது வழிதான் உதவும். குளோரமைன் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும் என்பதால், ஒரு தடவைக்குக் குறைவான தண்ணீரையே மாற்றுங்கள்.

இரண்டாவது வழி, சோடியம் தயோசல்பேட். புகைப்படக் கலைஞர்கள் ஹைப்போ என்று அழைத்தது இதைத்தான். மீன் விற்கும் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கேட்டால் கொடுப்பார்கள். கடையில் வாங்கும் திரவத்துக்கு அதன் புட்டியில் போட்டிருக்கும் அளவே அளவு. ஆய்வகப் படிகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன்.

1 மில்லிகிராம் குளோரினைச் செயலிழக்கச் செய்ய ஏறத்தாழ 7 மில்லிகிராம் தயோசல்பேட் படிகம் வேண்டும். 10 கிராம் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள். இதில் 1 மில்லிலிட்டர், அதாவது சொட்டுக் குழாயில் சுமார் 20 சொட்டு, 100 மில்லிகிராம் தயோசல்பேட்டைக் கொண்டிருக்கும். லிட்டருக்கு 2 சொட்டு விட்டால் 1.4 மில்லிகிராம் வரை குளோரினைத் தீர்க்கும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போட்ட தண்ணீரில் 1.2 மில்லிகிராம்தான் என்று முன்பு பார்த்தோம். எனவே வழக்கமான நாளில் லிட்டருக்கு 2 சொட்டு. தொட்டி கழுவிய நாளிலும் கூடுதலாகப் பவுடர் போடும் மழைக்காலத்திலும் 4 சொட்டு. சந்தேகம் இருந்தால் கஞ்சிச் சோதனை செய்து, நீலம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஊற்றுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்தும். ஒரு மடங்கு கூடினால் தீங்கில்லை. கைப்பிடியாக அள்ளிப் போட்டால் தண்ணீரின் ஆக்சிஜன் குறையும்.

கரைசலைப் பழுப்பு நிறப் புட்டியில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, ஆசிரியர் பொறுப்பில் வையுங்கள். மாதம் ஒருமுறை புதிதாகக் கரைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் மாற்றும் நாள்

எங்கள் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் சுமார் 45 லிட்டர். வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 11 லிட்டர் மாற்றுகிறோம். ஒரு வாளி. அதற்கு 22 சொட்டு. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடுகிறார்கள்.

முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றுவதை அடியோடு விட்டுவிட்டோம். குளோரின் நீக்கிய தண்ணீராகவே இருந்தாலும், வெப்பமும் கார அமிலத் தன்மையும் திடீரென்று மாறினால் மீன் தாங்காது. நண்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதைத் தொட்டியில் ஊற்றுவது இன்னொரு கொலை. முந்தின நாளே பிடித்து, வகுப்பறையிலேயே வைத்துவிட்டால் இரண்டு தண்ணீரும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும்.

செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மோட்டார், விளக்கு எல்லாவற்றின் மின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். இது ஆசிரியரின் வேலை. மீனுக்கென்றே ஒரு வாளி. சோப்புப் படாத வாளி. குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைக் கீழே வாளியிலும் விட்டால் தண்ணீர் தானே இறங்கும்; வாயால் உறிஞ்ச யாரையும் விடாதீர்கள். கல்லின் மேல் படிந்த கழிவையும் அப்படியே இழுத்துவிடலாம். பஞ்சு அழுக்காக இருந்தால், எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், பாக்டீரியா பிழைத்திருக்கும். பிறகு பக்குவப்படுத்திய தண்ணீரை மெதுவாக, ஒரு தட்டின் மேல் விழும்படி ஊற்றுங்கள். தயோசல்பேட்டை எப்போதும் வாளியில் கலந்துவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். எடுத்த பழைய தண்ணீர் பள்ளித் தோட்டத்துக்கு நல்ல உரம். கடைசியில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இருக்காது என்று சிலர் நேரே ஊற்றுகிறார்கள். அதில் கரைந்த ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் இருக்கலாம். அதையும் ஓர் இரவு திறந்து வைத்துக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரைத் தனியாக ஊற்றாதீர்கள். மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகக் குறைவு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தவறு நேரலாம். தண்ணீர் மாற்றிய சிறிது நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால், செவுள் வேகமாக அடித்தால், கண்டபடி பாய்ந்தால், குளோரின் என்று முதலில் சந்தேகியுங்கள். உடனே தொட்டி முழுவதற்கும் கணக்கிட்டு, லிட்டருக்கு 2 சொட்டு வீதம் தயோசல்பேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பரவலாக ஊற்றுங்கள். காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓட விடுங்கள். அன்று உணவு போட வேண்டாம். எங்கள் 2 மோலிகளுக்கு நான் செய்யத் தவறியது இதைத்தான்.

எந்த வகுப்புக்கு எது

மீன்தொட்டி ஆறாம் வகுப்புக்கு மட்டும் உரியதல்ல. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் பிடித்து வைத்த நாளையும் மாற்றிய நாளையும் நாட்குறிப்பாக எழுதலாம், மீனின் செவுள் நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணலாம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கன அளவும் விழுக்காடும் சொட்டுக் கணக்கும் இருக்கின்றன. 9, 10ஆம் வகுப்புகளில் இடப்பெயர்ச்சி வினையையும் நைட்ரஜன் சுழற்சியையும் இந்தத் தொட்டியை வைத்தே நடத்தலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிளீச்சிங் பவுடரை எந்த வகுப்புப் பிள்ளையின் கையிலும் கொடுக்கக் கூடாது.

எங்கள் ஆபரேட்டர் அண்ணனை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தேன். எத்தனை கிராம், எந்த நேரம், ஏன் என்று அவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். தன் வேலையைப் பற்றி ஒரு வகுப்பறையில் பேச யாரும் கூப்பிட்டதில்லை என்றார். இப்போது தொட்டி கழுவும் நாளுக்கு முந்தின நாள் பள்ளி வாசலில் நின்று, "நாளைக்குப் பவுடர் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கரும்பலகை ஓரத்தில் அது எழுதப்படும்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மாற்றக் கற்றுக்கொடுப்பது அவள்தான். சென்ற மாதம் அவள் ஒரு சிறுவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "இந்த வாளித் தண்ணி மீனுக்கு, குடிச்சிடாத. உனக்கு வேணும்னா அந்தக் குழாயில குடி. அதுல குளோரின் இருக்கு, நல்லது."

நான் நடத்த வேண்டிய பாடத்தை அவள் இரண்டு வரியில் நடத்திவிட்டாள். உங்கள் பள்ளியில் மீன்தொட்டி இருந்தால், இந்த வாரம் ஒரு வாளித் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வையுங்கள். ஏன் பிடித்து வைக்கிறோம் என்பதையும் பிள்ளைகளுக்கு முழுமையாகச் சொல்லுங்கள்.